ராத்திரியில் கம்ப்யூட்டரை ஆன் செய்தது யார்?

கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் பேய், வைரஸ், பக்கத்து வீட்டுப் பையன் என்று ஆளுக்கொரு காரணம் வரும். 2012 அக்டோபரில் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் இப்படித்தான் ஒரு கம்ப்யூட்டர் ராத்திரி ராத்திரி தானாக எழுந்து உட்கார்ந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை. 19 வருடமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதரிடமிருந்து கடைச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டி என்றால் பெரிய குடோன், முன்னால் ஒரு சின்ன ஆபீஸ் ரூம். விவசாயிகள் விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். விலை பிடித்தால் விற்பார்கள், பிடிக்காவிட்டால் அங்கேயே போட்டுவைத்து அதன் மேல் முன்பணம் வாங்கிக்கொண்டு போவார்கள். 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012 கோடையில் 5,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. விலை ஏறும் என்று இருப்பு வைத்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த வருடம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் யாரிடம் எத்தனை மூட்டை கிடக்கிறது என்ற விவரம்தான் ஒரு வியாபாரிக்கு உயிர். ‘இவன் நிறைய வைத்திருக்கிறான், எப்படியும் விற்றே ஆகவேண்டும்’ என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிட்டால், அவன் கேட்கும் விலைதான் விலை.

அந்த இருப்புக் கணக்கு முழுக்க ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. 2006-ல் வாங்கிய பெட்டி. விண்டோஸ் எக்ஸ்பி, டேலி, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், அவ்வளவுதான். மஞ்சள் தூசி படிந்து படிந்து கீபோர்டு எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்திருந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கிற ஃபேன்கூட மங்களகரமாக இருக்கும்!

கணக்கருக்கு அப்போது 55 வயது. பெரிய முதலாளி காலத்தில், 1993-ல், வேலைக்குச் சேர்ந்தவர். நீளப் பேரேட்டில் எழுதியே பழகியவர், 49 வயதில் டேலி கற்றுக்கொண்டார். பெரியவர் போய், மகன் முதலாளி ஆன பிறகும் கடைச் சாவியில் ஒரு ஜதை இவரிடம்தான் இருந்தது. காலை 8:30-க்கு ஷட்டரைத் தூக்குவதும் ராத்திரி 8 மணிக்கு இறக்குவதும் அவர் வேலை. இன்னொரு ஜதை முதலாளி வீட்டில். மூன்றாவது சாவி என்று ஒன்று கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தை முதலில் சொன்னது இரவு வாட்ச்மேன்தான். “ஆளில்லாத ரூமுல மியூசிக் சத்தம் கேக்குதுங்க. ஜன்னல் சந்துல பாத்தா நீலமா வெளிச்சம் தெரியுது. கதவு பூட்டுனது பூட்டுனபடியே இருக்குதுங்க” என்றார். அந்த மியூசிக் வேறொன்றுமில்லை, எக்ஸ்பி எழுந்திருக்கும்போது போடும் சத்தம். பகலில் யார் காதிலும் விழாது. ராத்திரி 1 மணிக்கு, மூட்டைகளுக்கு நடுவே, இருட்டில் கேட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். மனிதர் இரண்டு நாள் வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் படுத்தார்.

முதலாளிக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. இருந்திருந்தால் கணக்கர் தப்பித்திருப்பார்.

முதலாளியின் அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவனைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். கெட்டிக்காரப் பையன்தான். கன்ட்ரோல் பேனலுக்குள் போய், ஈவென்ட் வியூவர் என்ற ஒன்றைத் திறந்தான். விண்டோஸ் தன் பாட்டுக்கு எழுதிவைக்கும் டைரி அது. இதில் 6005 என்ற எண் இருந்தால் அந்த நேரத்தில் விண்டோஸ் எழுந்தது என்று அர்த்தம், 6006 என்றால் முறையாக ஷட் டவுன் ஆனது என்று அர்த்தம். பையன் 6005 எல்லாவற்றையும் வடிகட்டி, பிரின்ட் எடுத்து மாமாவிடம் கொடுத்தான். 11 ராத்திரிகள், 31 தடவை. ராத்திரி 11:10, 1:11, 3:12, 5:10... என்று மூன்று தாளில் வரிசையாக நின்றது.

“மாமா, யாரோ ஒரு நைட்டுக்கு மூணு தடவை வந்து போறாங்க” என்றான்.

யாரோ என்றால் யார்? சாவி இருப்பதோ இரண்டே பேரிடம். இதற்கு நடுவில், அந்த வாரம்தான் ஒரு வியாபாரி டீக்கடையில் வைத்து, இந்த மண்டியில் கிடக்கும் மூட்டைக் கணக்கை ஏறக்குறைய சரியாகச் சொல்லியிருந்தார். இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நாலு. முதலாளி கூட்டினார்.

திட்டவில்லை, சத்தம் போடவில்லை. அன்று ராத்திரி ஷட்டரை இறக்கும்போது, “அண்ணா, கொஞ்ச நாளைக்குச் சாவி எங்கிட்டயே இருக்கட்டும்ணா” என்றார். “சரிங்க முதலாளி” என்று கணக்கரும் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை 8:30-க்கு வழக்கம்போல வந்து, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றார். மூட்டை தூக்குகிற ஆட்கள் எல்லாம் வந்து அவரைப் பார்த்தார்கள். 9:15-க்கு முதலாளி வந்து திறந்தார். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி அவர் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை, அவர் வீட்டு அம்மாவிடம்கூட.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒன்றைப் பார்த்துவிடலாம். பையன் செய்த தப்பு என்ன? எப்போது ஆன் ஆனது என்று கேட்டான். எப்படி ஆன் ஆனது என்று கேட்கவே இல்லை.

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டால் அது அணைந்துவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ரொம்பப் பழைய பெட்டிகளில் அது உண்மை. விண்டோஸ் 95 காலத்துப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ‘இப்போது நீங்கள் கம்ப்யூட்டரை அணைக்கலாம்’ என்று ஆரஞ்சு எழுத்தில் வந்து நிற்கும், நாம் கையால் டக்கென்று சுவிட்சை அமுக்க வேண்டும். அந்த சுவிட்ச் கரன்ட்டையே வெட்டிவிடும், ஃபேன் சுவிட்ச் மாதிரி. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில் இது மாறிப்போனது. முன்னால் இருக்கும் பவர் பட்டன் கரன்ட்டைத் தொடுவதே இல்லை. அது வெறும் காலிங் பெல் பட்டன் மாதிரிதான். அமுக்கினால் இரண்டு சின்ன ஒயர் ஒரு கணம் ஒட்டும், மதர்போர்டுக்குச் சேதி போகும், ‘எழுந்திரு’ என்று. அப்புறம் மதர்போர்டுதான் பவர் சப்ளையிடம் கரன்ட் கேட்கும்.

சேதி கேட்க ஒரு ஆள் முழித்திருக்க வேண்டுமே? அதனால்தான் சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, ஷட் டவுன் ஆன பெட்டிக்குள்ளும் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. பவர் சப்ளையிலிருந்து வரும் ஊதா ஒயர் அதுதான். பக்கத்தில் ஒரு பச்சை ஒயர் இருக்கும். மதர்போர்டு அந்தப் பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு சேர்த்தால் முழுக் கரன்ட்டும் வரும், ஃபேன் சுற்றும், பெட்டி எழுந்துவிடும். (யாரும் ஹேர்பின்னை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் இறங்க வேண்டாம்!) சுருக்கமாகச் சொன்னால், நம் வீட்டுக் கம்ப்யூட்டர் அணைவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்துவைத்துப் படுத்திருக்கிறது. யார் கூப்பிட்டாலும் எழுந்துவிடும். பட்டன் மட்டும்தான் கூப்பிட முடியும் என்பதில்லை.

யாரெல்லாம் கூப்பிடலாம்? பெரிய பட்டாளமே இருக்கிறது. நெட்வொர்க் கார்டு கூப்பிடலாம். இதற்கென்றே ஒரு தனிச் சேதி உண்டு: எல்லாம் ஒன்றாக நிரம்பிய 6 பைட், அதன் பின்னால் அந்தக் கார்டின் முகவரி 16 தடவை, மொத்தம் 102 பைட். ஆபீஸில் ராத்திரி அப்டேட் போடுவதற்காக வைத்த வசதி. மதர்போர்டுக்குள் இருக்கும் கடிகாரம் அலாரம் வைத்து எழுப்பலாம். கீபோர்டில் ஒரு தட்டு, மவுஸில் ஒரு அசைவு போதும் என்று சில பெட்டிகளில் வைத்திருப்பார்கள், மேசை மேல் பூனை நடந்தால் முடிந்தது கதை. பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலோ ஈரம் இறங்கினாலோ அதுவே அமுக்கின மாதிரி ஆகிவிடும். சிக்கின பட்டனுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. 4 விநாடிக்கு மேல் அமுங்கியே இருந்தால் பெட்டி அணைந்துபோகும், அதனால் ஆன் ஆவதும் ஆஃப் ஆவதுமாகக் கூத்தடிக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்து வைக்க வேண்டும். ஷட் டவுன் செய்த பெட்டி ஆன் ஆவது வேறு, தூங்கவைத்த பெட்டி முழித்துக்கொள்வது வேறு. 2012-க்குப் பிறகு வந்த விண்டோஸில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டது, சீக்கிரம் எழுந்திருப்பதற்காக ஷட் டவுனையே பாதித் தூக்கமாக்கி வைத்திருக்கிறார்கள். இன்று உங்கள் லேப்டாப் ராத்திரியில் முழித்தால் கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘பவர்சிஎஃப்ஜி’ என்ற கட்டளையோடு ‘லாஸ்ட்வேக்’ என்று சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். கடைசியாக எழுப்பியது யார் என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். எக்ஸ்பியில் அந்த வசதி கிடையாது. அங்கே மனிதன்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

அந்த மனிதன் இன்ஜினியரிங் பையன் இல்லை, கணக்கர்தான்.

சாவி போன மூன்றாவது நாள் காலை, அதே முக்கால் மணி நேரக் காத்திருப்பில், எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சந்தில் ஒரு விசைத்தறிப் பட்டறை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த தறிக்காரர் ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தார். “பன்னெண்டுக்குப் போனது ஒண்ணஞ்சுக்குத்தான் வந்துது. ரெண்டுக்கு மறுக்காப் போயிருச்சு. இப்படி இருந்தா எத்தன மீட்டர் ஓட்டறது?”

அந்த வருடம் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரன்ட் இல்லாத அக்டோபர் அது. காற்றாலைக் காலம் முடிந்துவிட்டது. வடக்கே இருந்து வேண்டிய அளவு மின்சாரம் கொண்டுவரவும் வழியில்லை, தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு ஒன்றாக இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். பகலில் போனால் திட்டுவார்கள். ராத்திரியில் ஒரு மணி நேரம் வருவதும் ஒரு மணி நேரம் போவதுமாக இருந்தால், திட்டக்கூடத் தெம்பிருக்காது.

ஒண்ணஞ்சு. கணக்கருக்கு அந்த எண் எங்கேயோ இடித்தது. பையன் எடுத்த பிரின்ட் மேசையில் கிடந்தபோது ஒரே ஒரு தடவை கண்ணில் பட்டிருந்தது. அதில் 1:11 என்று இருந்தது.

எண்களோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் இந்த இடி தெரியும். அன்று மதியம் முதலாளியிடம் போய், “அந்தத் தாளை ஒருதரம் பாக்கலாமுங்களா?” என்று கேட்டார். முதலாளிக்குச் சங்கடம். கொடுத்துவிட்டார். சாயந்திரம் தறிப் பட்டறைக்குப் போனார். அங்கே சுவரில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். மீட்டர் கணக்கில் கூலி, தறி நின்றால் கூலி இல்லை. அதனால் எத்தனை மணிக்குக் கரன்ட் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று தறிக்காரர்கள் முறை வைத்து எழுதுவார்கள். பட்டறைக்காரரிடம் நாளைக்குப் பேசுவதற்கு அதுதான் சாட்சி. முத்து முத்தான எழுத்தில்லை, ஆனால் ஒரு நாள் விடாமல் இருந்தது.

பி.காம் படிக்கிறவர்களுக்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் ஞாபகம் இருக்கும். ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு, பாஸ் புத்தகத்தில் ஒரு இருப்பு, இரண்டும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு பதிவாக டிக் அடித்துக்கொண்டே போய், மிச்சம் நிற்பதற்கு மட்டும் காரணம் தேட வேண்டும். பரீட்சைக்கு 10 மார்க். பலரும் சாய்ஸில் விட்டுவிடும் கேள்வி. கணக்கர் அதைத்தான் செய்தார். இடதுபக்கம் கம்ப்யூட்டர் எழுந்த நேரம், வலதுபக்கம் தறிக்குக் கரன்ட் வந்த நேரம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில், பென்சிலால்.

31-ம் ஒத்துப்போனது. ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டர் நேரம் 5, 6, 7 நிமிடம் பிந்தியிருந்தது. கம்ப்யூட்டர் கடிகாரம் 4 நிமிடம் ஃபாஸ்ட் என்பது அவருக்கு முன்பே தெரியும். அந்தப் பெட்டி எழுந்து நிற்க 2 நிமிடம் பிடிக்கும் என்பதும் தெரியும், தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்து காத்திருப்பவர் அவர்தானே. திருடன் ஒருவன் 11 ராத்திரியும் கரன்ட் வந்து சரியாக இரண்டாவது நிமிடம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான் என்றால், அவன் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவனாக இருக்க வேண்டும்!

ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. தறி நோட்டில் கரன்ட் வந்தது 34 தடவை. கம்ப்யூட்டர் எழுந்தது 31 தடவை. மூன்று இடிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் 31 போதும் என்று மறுநாளே ஓடியிருப்பார்கள். மூன்று பதிவு சேராத கணக்கை முதலாளியிடம் நீட்டிப் பழக்கமில்லாத மனிதர்.

அந்த மூன்றில் இரண்டு ஒரே ராத்திரி. என்ன ராத்திரி அது? வவுச்சர் கட்டைப் புரட்டினார். அன்று சாயந்திரம் தார்ப்பாய் வாங்கிய செலவு எழுதியிருந்தது. இடி மழை வந்த நாள். இடிக்குப் பயந்து சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையே பிடுங்கிவிட்டுப் போயிருந்தார். சரி, இரண்டு தீர்ந்தது. மூன்றாவதுதான் மசியவே இல்லை. அன்று மழையில்லை, பிளக் போட்டபடிதான் இருந்தது, ராத்திரி 9:40-க்குப் போன கரன்ட் 9:55-க்கு வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் எழவில்லை. ஏன்?

அந்த ஒரு கேள்வியை எழுதி, அடியில் கோடு போட்டு, மறுநாள் முதலாளி முன் தாளை வைத்தார். இன்னொன்றும் சொன்னார். “இதுல ஆன் ஆனது மட்டும்தான் இருக்குதுங்க. ஆஃப் ஆனதை எடுக்கலைங்களே?” பையன் அப்போதுதான் 6006-ஐத் தேடினான். ராத்திரி 6005-களுக்கு நடுவில் ஒரு 6006-கூட இல்லை. அதாவது ஒவ்வொரு தடவையும் பெட்டி முறையாக மூடாமல், அப்படியே செத்துப்போயிருக்கிறது. ஆரம்ப இருப்பு இருக்கிறது, இறுதி இருப்பு இல்லை. வாட்ச்மேன் பார்த்த நீல வெளிச்சமும் இதனால்தான், முறையாக மூடாமல் போனால் மறுதடவை எழும்போது எக்ஸ்பி சில சமயம் டிஸ்க்கைச் சோதித்துப் பார்க்கும், அதற்கு ஒரு நீலத் திரை.

பையன் நேர்மையானவன். “மாமா, நான் பாதிதான் பார்த்திருக்கேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். இந்த வயதில் அது வாயில் வருவது லேசில்லை.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பெட்டியைத் தட்டி எழுப்பி, டெலீட் பட்டனை அமுக்கி பயாஸுக்குள் போனார். பவர் சம்பந்தப்பட்ட பக்கத்தில் ஒரு வரி. கரன்ட் போய்த் திரும்ப வந்தால் என்ன செய்வது? மூன்று பதில் வைத்திருப்பார்கள். அணைந்தே இரு, எழுந்துவிடு, முன்னால் எப்படி இருந்தாயோ அப்படி இரு. அதில் ‘எழுந்துவிடு’ தேர்வாகியிருந்தது.

மெக்கானிக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “இத நான்தானுங்க வச்சேன்” என்றார்.

2009-ல் பவர் பட்டன் மஞ்சள் தூசி அடைத்து வேலை செய்யாமல் போயிருந்தது. கேபினட்டை மாற்ற வேண்டும் என்று அவர் சொல்ல, அதற்கெல்லாம் செலவு செய்ய முடியாது, வேறு வழி பார் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அவரும் பார்த்தார். சுவர் சுவிட்சைப் போட்டால் கரன்ட் வரும், கரன்ட் வந்தால் பெட்டி எழும். பட்டனே தேவையில்லை! காலையில் சுவிட்சைப் போடு, ராத்திரி ஷட் டவுன் செய்து சுவிட்சை அணை. மூன்று வருடம் இப்படியே ஓடியது. யாருக்கும் அது ஒரு ரிப்பேர் என்ற ஞாபகமே இல்லை.

2012-ல் மின்வெட்டு வந்ததும் ஒரு மாற்றம். கம்ப்யூட்டரோடு இருந்த யுபிஎஸ் பகலில் காலியாகிக்கொண்டே இருந்தது. ராத்திரியாவது சார்ஜ் ஏறட்டும், சுவர் சுவிட்சை அணைக்காதீங்க என்று சொன்னதும் இதே மெக்கானிக்தான். தப்பான யோசனை இல்லை, யுபிஎஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதன் பேட்டரி மூன்று வருடம் ஓடி உயிர் போகிற நிலையில் இருந்தது. ராத்திரி கரன்ட் போகும், யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் அதுவும் சாகும். ஒரு மணி நேரம் கழித்து கரன்ட் வரும், யுபிஎஸ் தானாக எழும். பெட்டிக்கு, யாரோ சுவர் சுவிட்சைப் போட்ட மாதிரி இருக்கும். விடிந்துவிட்டது என்று நினைத்து அது எழுந்து மியூசிக் போடும். அடுத்த தடவை கரன்ட் போகும்போது, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை அந்தப் பேட்டரியால் இரண்டு நிமிடம்கூடச் சுமக்க முடியாது. பொத்தென்று விழும். மறுபடி எழும். விடியும்வரை.

“அப்ப 9:55?” என்றார் கணக்கர். அவருக்கு அது தீராமல் தூக்கம் வராது.

சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. சாயந்திரம் 4 மணி, அதிசயமாகக் கரன்ட் இருந்தது. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தார்கள். சுவர் சுவிட்சை அணைத்தார்கள். யுபிஎஸ் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. முதலாளி, பையன், மெக்கானிக், வாட்ச்மேன், மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், எல்லோரும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கர் கையில் கடிகாரம். 10 நிமிடம் போனது. 15 நிமிடம் போனது, இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. பெட்டி அணைந்திருந்தால் பேட்டரிக்குச் சுமை இல்லையே, அதனால் தாங்குகிறது. 18-வது நிமிடம் சத்தம் நின்றது. 9:40-க்குப் போன கரன்ட் 15 நிமிடத்தில் வந்துவிட்டதால், பெட்டிக்குக் கரன்ட் போன விஷயமே தெரிந்திருக்கவில்லை. மூன்றாவது பதிவும் டிக் ஆனது.

மெக்கானிக் சுவர் சுவிட்சைப் போட்டார். இரண்டு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் ஃபேன் சுற்றியது, திரை வெளுத்தது, யாரும் தொடாமலே எக்ஸ்பியின் மியூசிக் வந்தது. “இதேதானுங்க, இதே சத்தம்தான்!” என்று வாட்ச்மேன் கத்தினார். மற்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. முதலாளி டீ சொல்லிவிட்டு வெளியே போய் போன் பேசினார். ரொம்ப நேரம் பேசினார்.

சரி, மூட்டைக் கணக்கு எப்படி வெளியே போனது? அது எங்கேயும் போகவே இல்லை. பகல் முழுக்கத் திறந்து கிடக்கும் குடோன், ஏற்றி இறக்குகிறவர்கள் நாலு மண்டிக்கும் போகிறவர்கள். மூட்டையை எண்ண ஈரோட்டில் யாருக்கும் கம்ப்யூட்டர் தேவையில்லை.

பயாஸில் அந்த வரியை ‘அணைந்தே இரு’ என்று மாற்றினார்கள். அப்படியானால் காலையில் பெட்டியை எழுப்புவது எப்படி? பட்டன்தான் செத்துப்போயிற்றே. மெக்கானிக் பெட்டியைத் திறந்து, ரீசெட் பட்டனின் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டன் ஒயர் இருந்த இடத்தில் செருகினார். இரண்டுமே ஒரே மாதிரி காலிங் பெல் பட்டன்தான், மதர்போர்டுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு நிமிட வேலை, ஒரு பைசா செலவில்லை. 2009-லேயே இதைச் செய்திருக்கலாமே என்று பையன் கேட்டான். “அன்னிக்கு அவசரத்துல தோணலைங்க தம்பி” என்றார் மெக்கானிக். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரிக்கு மட்டும் பில் போட்டார். கணக்கர் அதை ‘பழுதுபார்ப்புச் செலவு’ என்று எழுதினார்.

மறுநாள் காலை முதலாளி 8:30-க்கே வந்துவிட்டார். ஷட்டரைத் திறந்து, சாவியைக் கொண்டுபோய்க் கணக்கரின் மேசையில் நாளேட்டின் மேல் வைத்தார். “வச்சுக்குங்கண்ணா” என்றார். கணக்கர் தலையாட்டினார். சாவி மதியம்வரை அங்கேயே கிடந்தது. டீ கொண்டுவந்த பையன் அதை நகர்த்தி டம்ளரை வைத்தான்.

ராத்திரி 8 மணிக்கு அவர் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தார், உறையைப் போட்டு மூடினார், அந்தச் சாவியாலேயே ஷட்டரைப் பூட்டினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போய், சாவியை அந்த வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அங்கே போய் வாங்கிக்கொண்டு வந்து திறந்தார். 2014-ல் வேலையை விடும்வரை தினமும் அப்படித்தான். போகிற வழியில் இல்லை அந்த வீடு, இரண்டு கிலோமீட்டர் சுற்று.